எல்லாம் ஒரே வண்டியில்தானே போகிறது?

கேள்வி: 2024 நவம்பர் 9, காலை

அம்பத்தூர்ப் பக்கம் நூற்றுச் சொச்சம் வீடுகள் உள்ள அடுக்ககம் எங்களுடையது. நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லி வீடு வீடாகப் போனோம். துண்டறிக்கை கொடுத்தோம். குழந்தைகளுக்கு ஓவியப் போட்டிகூட நடத்தினோம். ஒரு மாதம் ஒழுங்காக நடந்தது. இப்போது பாதிப் பேர் பழையபடி ஒரே பையில் கட்டி வைக்கிறார்கள். கேட்டால், "எல்லாம் ஒரே வண்டியில்தானே போகிறது, பிரித்து என்ன பயன்?" என்கிறார்கள். மக்களிடம் விழிப்புணர்வை எப்படித்தான் கொண்டுவருவது?

பதில்: நவம்பர் 9, இரவு

முதலில் துண்டறிக்கையை நிறுத்துங்கள். அதுவும் குப்பைதான்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒருவரைப் பற்றிக் கேட்கிறேன். மாடி மாடியாக ஏறி வீட்டு வாசலில் குப்பை எடுப்பவர் யார்? அவர் கையில் எத்தனை டிரம் இருக்கிறது? வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பில் ஒரே ஒரு டிரம்தான் இருந்தது. பெரிய நீல டிரம், அடியில் சக்கரம், அதில் ஒன்று உடைந்தது. அந்த அம்மா மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள், பிரித்துக் கொடுத்த வீட்டுக் குப்பையும் பிரிக்காத வீட்டுக் குப்பையும் அதற்குள் ஒன்றாகிவிடும். மாநகராட்சியின் பேட்டரி வண்டி வருவதற்கு முன்பே கதை முடிந்தது. ஆனால் நாங்கள் திட்டியது வண்டியை.

ஒரு வீட்டுக்காரர் தான் கழுவிக் காயவைத்துக் கொடுத்த தயிர் டப்பா சாம்பார் வண்டலுக்குள் விழுவதை ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். மறுநாளிலிருந்து பிரிக்க மாட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? நானாக இருந்தாலும் பிரிக்க மாட்டேன்.

இரண்டாவது டிரம் வாங்கிக் கொடுங்கள். ஓவியப் போட்டியின் பரிசுச் செலவைவிடக் குறைவாகவே ஆகும்.

நவம்பர் 10

"மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்ற வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நேற்று எழுதும்போது அடக்கிக்கொண்டேன்.

உங்கள் வீட்டுப் பால் கவர் எங்கே போகிறது? வெட்டி, கழுவி, சமையலறை ஓடுகளில் ஒட்டிக் காயவைத்து, ஒரு பைக்குள் திணித்து, சேர்ந்ததும் பழைய பேப்பர்க்காரருக்குப் போகிறது. எந்தத் தன்னார்வலர் வந்து சொல்லிக் கொடுத்தார்? பழைய நாளிதழை யாராவது குப்பையில் போடுகிறார்களா? உடைந்த பிளாஸ்டிக் குடம், பித்தளைக் குழாய், துருப்பிடித்த கட்டில் சட்டம் எல்லாமே காயலான் கடைக்கு வழி தெரிந்து போகின்றன. இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்தே நம் தெருக்களில் மறுசுழற்சி நடக்கிறது. அதற்குப் பெயர் வைத்துத் தொப்பி மாட்டியதுதான் புதிது.

விலை இருக்கிற பொருளுக்குப் பிரசாரம் தேவையில்லை. பால் கவர் ஒற்றை வகைப் பாலித்தீன். உருக்கினால் மறுபடியும் ஏதாவது செய்யலாம், ஆகவே விலை. பக்கத்திலேயே கிடக்கிற சிப்ஸ் பாக்கெட்டைப் பேப்பர்க்காரர் தொடக்கூட மாட்டார்.

நவம்பர் 12

"அப்படியானால் தன்னார்வலர்கள் எதற்கு, வீட்டில் உட்காரலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நியாயமான குத்தல்தான்.

விலை இல்லாத குப்பைக்காகத்தான் நாம். அதில் முதலாவது சமையலறைக் குப்பை. வீட்டுக் குப்பையின் எடையில் பாதிக்கு மேல் அதுதான். அது ஈரமாக மற்றவற்றோடு சேர்வதால்தான் காகிதமும் அட்டையும் விலை இழக்கின்றன. அதைத் தனியாக எடுத்துவிட்டால், மிச்சம் தானாகவே பேப்பர்க்காரர் தொடக்கூடிய பொருளாகிவிடும். அதனால் எங்கள் குழு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது.

அதை மக்கவைத்து உரமாக்க, மொட்டை மாடியில் சிமெண்ட் உறைகளை (கிணற்றுக்கு இறக்கும் வளையம் போன்றவை) வைத்தோம். உர வகுப்புகளில் சொல்லாததைச் சொல்கிறேன். காய்கறித் தோலைவிடக் காய்ந்த இலைதான் முக்கியம். ஒரு பங்கு ஈரக் குப்பைக்கு அதே கொள்ளளவில், முடிந்தால் இன்னும் அதிகமாக, சருகு வேண்டும். குறைந்தால் கூழாகி நாறும். நாறினால் இரண்டாம் மாடிக்காரர் சங்கச் செயலாளருக்குத் தொலைபேசியில் பேசுவார். திட்டம் அன்றோடு முடிந்தது. எங்கள் அதிர்ஷ்டம், தெருவில் மூன்று வாதாம் மரங்கள். ஆளுயரத்துக்கு இலை கொட்டும். முன்பெல்லாம் கூட்டித் தீ வைப்பார்கள், இப்போது சாக்கில் கட்டி மாடிக்கு ஏற்றுகிறோம். மரமில்லாத தெருக்காரர்கள் தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கி ஊறவைத்துக்கொள்ளலாம்.

குப்பை மக்கத் தொடங்குவதற்குப் புளித்த மோர் தெளித்தால் போதும். அதற்கென்று கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொட்டலங்கள் கெட்டவை அல்ல, ஆனால் அவசியமும் இல்லை. வெண்புழு நெளிந்தால் அலற வேண்டாம், அவை நமக்காக வேலை செய்பவை. சருகு போட்டு மூடுங்கள். தேங்காய் மூடி, மாங்கொட்டை இரண்டையும் போடாதீர்கள், அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் கருத்து, உதிரியாகி, மழை மண் வாசனை வரும். அதைச் சலித்துப் பிரித்துக் கொடுத்த நாளன்றுதான் எங்களோடு பேசாமலிருந்த வீட்டுக்காரர்களும் செம்பருத்தித் தொட்டியோடு வந்தார்கள்.

நவம்பர் 13

தொடர்ச்சி. அசைவம் போடலாமா என்று நான்கு பேர் கேட்கிறீர்கள். திறந்த உறையில் மீன் முள்ளையும் எலும்பையும் போட்டால் பூனையும் எலியும் உங்கள் தன்னார்வக் குழுவில் சேர்ந்துவிடும். மாநகராட்சியின் மக்கும் குப்பையில் கொடுத்துவிடுங்கள்.

நவம்பர் 17

மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர் "எக்ஸ்நோரா காலத்திலேயே இதையெல்லாம் செய்துவிட்டோம், அம்மா" என்று எழுதியிருக்கிறார். உண்மை. 1989-இல் எம்.பி.நிர்மல் தொடங்கிய அமைப்பு. தொண்ணூறுகளில் சென்னையில் தெருவுக்குத் தெரு எக்ஸ்நோரா பலகை இருந்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா, மூன்று சக்கர வண்டியோடு ஓர் ஆள், காலையில் மணியோசை. வாசலில் வந்து குப்பை வாங்குவது என்ற பழக்கமே சென்னைக்கு அப்படித்தான் வந்தது. அதற்கு முன்பு தெருமுனைத் தொட்டி, தொட்டியைச் சுற்றிக் குப்பை, அதைச் சுற்றி மாடு.

ஆனால் பெரியவரே, அந்த வண்டி கடைசியில் எங்கே போய்க் கொட்டியது? எங்கள் தெரு வண்டி, அடுத்த தெருமுனையில் இருந்த மாநகராட்சித் தொட்டியில். தெரு பளிச்சென்று ஆனது. குப்பை பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குகளுக்குத்தான் போனது. சில பகுதிகளில் உரம் போட்டார்கள், அவர்களுக்கு வணக்கம். பெரும்பாலான தெருக்களில் நாங்கள் கேட்டது சுத்தமான வாசல், அது கிடைத்ததும் சந்தா கட்டிவிட்டு உள்ளே போய்விட்டோம்.

நவம்பர் 17, சற்றுப் பின்

பெருங்குடி என்று எழுதியதும் ஞாபகம் வந்தது. 2022 ஏப்ரல் கடைசியில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்தது. எங்கள் வீட்டுச் சன்னல்களைத் திறக்க முடியவில்லை. ஒட்டினாற்போலப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், அதே ஆண்டில்தான் அது ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலத்தின் மடியில் நகரத்தின் பாதிக் குப்பை. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணி அங்கே நடக்கிறது. சலித்து எடுப்பதில் பெரும்பகுதி மண். மிச்சத்தில் முக்கால்வாசி, நாமெல்லாம் முடிச்சுப் போட்டு எறிந்த கவர். அந்த முடிச்சுகள் இருபது ஆண்டானாலும் அவிழ்வதில்லை.

"முக்கால்வாசி" என்பது அளந்து சொன்ன கணக்கு அல்ல, வயிற்றெரிச்சல். யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

நவம்பர் 20

பிளாஸ்டிக் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருந்தாலே மறுசுழற்சி ஆகும் என்று ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். அந்த எண் பிளாஸ்டிக்கின் இனத்தைத்தான் சொல்கிறது. 1 என்றால் தண்ணீர் பாட்டில் இனம், 2 என்றால் ஷாம்பு பாட்டில், கேன் இனம், 5 என்றால் சாப்பாட்டு டப்பா. இந்த மூன்றுக்கும் நம் ஊரில் ஓரளவு கிராக்கி உண்டு. 3 பி.வி.சி., 6 தெர்மாகோல் இனம், 7 இதர. கடைசியில் உள்ளவற்றுக்கு வீட்டளவில் ஆள் கிடைப்பது கடினம். பிள்ளைகளிடம் "எண்ணைப் பார்" என்று சொல்வதோடு, "நம் தெருப் பேப்பர்க்காரர் எதை வாங்குகிறார் என்று கேட்டுவிட்டு வா" என்றும் சொல்லுங்கள். நல்ல வீட்டுப்பாடம்.

1-ஆம் எண் பாட்டில் துணியாகிறது. 2023-இல் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்த நீலக் கையில்லாச் சட்டை ஞாபகமிருக்கும். பாட்டிலிலிருந்து எடுத்த அந்தத் துணி கரூரில் செய்தது.

சிப்ஸ், பிஸ்கட் உறை? பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியது, பிரிக்க முடியாது. சேகரித்தால் பெரும்பாலும் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைச் சூளைகளுக்கு நிலக்கரியோடு எரிபொருளாகப் போகும். அதை மறுசுழற்சி என்று துண்டறிக்கையில் அச்சடிக்காதீர்கள். எரிப்பதுதான். குப்பைமேட்டில் கிடப்பதைவிடத் தேவலாம் என்ற அளவுக்கு நானும் ஒப்புக்கொள்வேன்.

நவம்பர் 21

பிளாஸ்டிக்கை வைத்துச் சாலை போடலாமே என்கிறார் மதுரைக்காரர். ஊர்ப்பாசம். மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறை, 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். சூடான ஜல்லியின்மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் உருகிப் பூச்சாகப் படியும், அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பி.வி.சி. கூடாது, சோற்றுப் பருக்கையும் கூடாது. மறுபடியும் மூன்றாம் மாடி டிரம்முக்கே வந்து நிற்கிறோம்.

டிசம்பர் 1

ஃபெஞ்சல் புயல் மழை. கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் கஞ்சி. பேப்பர்க்காரர் எட்டிப் பார்த்து, "அடுத்த மாதம் பார்க்கலாம், அம்மா" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். உலர் குப்பையைத் தரையில் வைக்காதீர்கள். பழைய கட்டிலாவது போட்டு அதன்மேல் வையுங்கள். வேறு ஒன்றும் எழுதும் மனநிலையில் இல்லை.

டிசம்பர் 7

கடற்கரைத் தூய்மைப் பணிக்கு வரச் சொல்லி மூன்று அழைப்புகள். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரே நிறப் பனியன், கையுறை, வண்டிநிறையப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். இரண்டு மணி நேரம் பொறுக்கி, மூட்டை கட்டி, மூட்டைகளோடு நின்று படம். அந்த மூட்டை எங்கே போகும் என்று ஒருமுறை ஒருங்கிணைப்பாளரான தம்பியிடம் கேட்டேன். "மாநகராட்சி எடுத்துக்கொள்ளும், ஆன்ட்டி" என்றார். எங்கே எடுத்துப் போகும் என்று கேட்டதற்குப் படமெடுக்க நேரமாகிவிட்டது.

டிசம்பர் 8

நேற்றையதைப் படித்த திருவான்மியூர்க்காரர், அப்படிப் பொறுக்கப் போன இடத்தில்தான் தனக்கு இந்த வெறியே பிடித்தது, இன்று தன் தெரு முழுவதும் உரம் போடுகிறது என்று எழுதியிருக்கிறார். பொறுக்கியதை வகை பிரித்து எடைபோட்டு, எந்த நிறுவனத்தின் உறை எவ்வளவு என்று கணக்கெடுக்கும் குழுக்களும் இருக்கின்றன என்கிறார். அந்தக் கணக்கு உண்மையிலேயே பெறுமதியானது, உற்பத்தி செய்தவர் முகத்துக்கு நேரே நீட்டலாம். அப்படிப்பட்ட குழு அழைத்தால் வருகிறேன். பனியன் வேண்டாம்.

டிசம்பர் 15

பாட்டில் விஷயம். நீலகிரியில் காட்டுக்குள் எறிந்த மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்தன. எவ்வளவோ அறிவிப்புப் பலகை, எவ்வளவோ தன்னார்வலர் முகாம். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-இல் அந்த மாவட்ட டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பின. குடித்தவர் கொண்டுவராவிட்டால் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவருகிறார். குடிமகனுக்கு ஒரே இரவில் விழிப்புணர்வு வந்துவிட்டதா என்ன? பத்து ரூபாய்.

என் சிறுவயதில் சோடா, கலர் பாட்டிலுக்கு முன்பணம் உண்டு. அண்ணாச்சி கடையில் பாட்டிலைத் திருப்பி வைத்தால்தான் காசு. இன்று அதே பானம் பிளாஸ்டிக் பாட்டிலில், திருப்பி வாங்க ஆளில்லை. சாக்கடை அடைத்தால் நாம் கையுறை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். பத்து ரூபாய்த் திட்டத்தை எல்லாப் பானங்களுக்கும் கேட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் தன்னார்வலர் செய்யக்கூடிய பெரிய காரியம் என்று இப்போது தோன்றுகிறது. உரம்கூட இரண்டாவதுதான். நவம்பர் 12-இல் எழுதியதோடு இது மோதுகிறது. மோதட்டும்.

டிசம்பர் 16

"கடைக்காரர்கள் பாட்டிலை எங்கே அடுக்குவார்கள்?" சரியான கேள்வி. டாஸ்மாக் ஊழியர்களும் அதைத்தான் கேட்டார்கள். இடமும் ஆளும் தராமல் வேலையை மட்டும் தலையில் கட்டினால் எந்தத் திட்டமும் கசக்கும்.

டிசம்பர் 22

பாலக்காட்டிலிருந்து எழுதியவருக்கு நன்றி. கேரளத்தின் ஹரித கர்ம சேனை பற்றி நானே எழுத நினைத்திருந்தேன். குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாக வந்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறார்கள், அதற்கு வீட்டுக்காரர் மாதக் கட்டணம் தருகிறார். குப்பையையும் கொடுத்துக் காசும் கொடுப்பதா என்று அங்கேயும் முணுமுணுத்தார்கள். கட்டணம் கட்டாயம் என்று அரசு உறுதியாக நின்றது.

புனேயில் ஸ்வச் கூட்டுறவும் இந்த வழிதான். குப்பை பொறுக்கிப் பிழைத்த பெண்களே உறுப்பினர்கள். 2008-லிருந்து மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வாசலில் வாங்குகிறார்கள். விற்கிற பொருளின் காசும் அவர்களுக்கே.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம். ஓய்வூதியம் வாங்குகிற நானும், சனி ஞாயிறு விடுமுறை உள்ள கணினி நிறுவன இளைஞர்களும் "தன்னார்வலர்கள்". மூன்றாம் மாடியிலிருந்து டிரம் உருட்டி வரும் அம்மாவிடமும் "நீங்களும் கொஞ்சம் ஒத்துழைக்கலாமே" என்று கேட்கிறோம். அவர் ஏன் ஒத்துழைக்க வேண்டும்? எங்கள் குடியிருப்பில் உலர் குப்பை விற்ற காசு முழுவதையும் அவருக்கே என்று எழுதி வைத்தோம். அதற்குச் சங்கக் கூட்டத்தில் நடந்த சண்டை, உரத்துக்காக நடந்ததைவிடப் பெரிது. "அது சங்க வருமானம்" என்றார் ஒருவர். மாதம் ஒரு மின்கட்டணத்துக்குக்கூடக் காணாத தொகை. தீர்மானம் நிறைவேறியது. அதன்பின் மாடியில் யார் வீட்டில் பிரிக்கவில்லை என்று கண்காணிக்க நாங்கள் தேவைப்படவில்லை. அவரே கதவைத் தட்டி, "ஐயா, இது இங்கே வரக்கூடாது" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். எங்கள் அத்தனை பேச்சிலும் அசையாதவர்கள் அவருக்கு அசைகிறார்கள்.

2025 ஜனவரி 10

திங்கட்கிழமை போகி. பழைய துணி, டயர், ட்யூப் எல்லாவற்றையும் எரிக்காமல் மாநகராட்சிப் பணியாளர்களிடம் தனியே கொடுக்கும்படி சில ஆண்டுகளாகக் கேட்டுக்கொள்கிறார்கள், வாங்கியும் கொள்கிறார்கள். 2018 போகியில் புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன. எங்கள் வேலை எளிது: போகிக்கு முந்தைய சனி, ஞாயிறு தெருமுனையில் ஒரு மேசை. பாயைக் கொண்டுவருபவர்கள்தான் அதிகம். கோரைப்பாய் என்றால் கிழித்து உர உறையின் அடியில் போடலாம், பிளாஸ்டிக் பாய் என்றால் கூடாது.

ஜனவரி 13

விடியற்காலை நான்கரைக்கே பக்கத்துத் தெருவில் டயர் வாடை. நம் தெருவில் சிறுவர்கள் மேளம் மட்டும் அடித்தார்கள், எரிப்பதற்கு இரண்டு தென்னை மட்டை. போதும்.

ஜனவரி 19

முதல் கேள்வி கேட்ட அம்பத்தூர்க்காரர் மறுபடி வந்திருக்கிறார். இரண்டாவது டிரம் வாங்கிவிட்டார்களாம். மாடியிலிருந்து பிரிந்து இறங்குகிறது, ஆனால் கீழே வரும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்கிறார். குரலில் லேசான வெற்றிக் களிப்பு.

இரண்டு விஷயம். ஒன்று, வண்டிக்காரரிடம் சண்டை போடாதீர்கள். அவர் வண்டியில் இருக்கும் தொட்டிகளில் எது நிரம்பியது, எது உடைந்தது என்று கவனியுங்கள். எங்கள் வண்டியில் உலர் குப்பைக்கான நீலத் தொட்டிக்கு மூடி இல்லை, அட்டை காற்றில் பறக்கிறது என்று அவர் மக்கும் குப்பைக்கான பச்சையிலேயே திணித்துக்கொண்டிருந்தார். படமெடுத்து வார்டு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி பிரித்துக் கொடுப்பது நம் கடமை, பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோவது உள்ளாட்சியின் கடமை. இரண்டு பக்கமும் சட்டம்தான். நூறு வீடுகளின் கையெழுத்து இருந்தால் நல்லது. அதே விதிகள், தினம் 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடத்தைப் பெருமளவு குப்பை உற்பத்தியாளர் என்கின்றன. உங்கள் அடுக்ககம் அந்த எல்லையை ஒட்டி வரலாம். எடை போட்டுப் பார்த்துவிட்டு மனுவை எழுதுங்கள், அவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இரண்டு, உலர் குப்பையை அந்த வண்டிக்குக் கொடுப்பதையே நிறுத்துங்கள். வாரம் ஒரு நாள் பேப்பர்க்காரரை வரச் சொல்லுங்கள். நூறு வீட்டுச் சரக்கு என்றால் தட்டுவண்டியோடு வருவார். அவர் விரும்பும் பொருளோடு விரும்பாத பொருளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று முன்பே பேசுங்கள், அதற்காக விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

ஜனவரி 20

கேட்கத் தயங்கித் தனிச்செய்தியில் கேட்ட தங்கைக்கு, இங்கேயே பதில், எல்லாருக்கும் வேண்டியது. நாப்கின், டயப்பர் இரண்டும் உலர் குப்பையும் அல்ல, மக்கும் குப்பையும் அல்ல. நாளிதழில் சுற்றி, மேலே சிவப்பு மையில் பெரிய பொட்டு வைத்துத் தனியாகக் கொடுங்கள். புனேயில் பரவிய பழக்கம் இது. பிரிக்கும் பெண் கைவைக்கும் முன் தெரிந்துகொள்வார். இவற்றைச் சுற்றிக் கொடுக்க உற்பத்தியாளரே உறை தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது. உங்கள் பாக்கெட்டில் இருந்ததா என்று பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் வாங்கியதில் இல்லை.

ஜனவரி 20, இரவு

தெர்மாகோலை யாரும் வாங்குவதில்லை, ஐயா. மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய கடையிலேயே, இறக்கி வைக்க வந்தவரிடம் திருப்பி ஏற்றிவிடுங்கள். ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்.